இரண்டாம் டிரம்பெட்காரி

திங்கட்கிழமை காலை ஒத்திகைக்குப் போகும்போது என் அப்பாவின் பெயர் ஓர் இரும்பு அலமாரியின் கதவில் ஒட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் கச்சேரி முடிந்து, கறுப்பு உடையை மடித்து வைக்க நான் திரும்பி வரும்போது அது உரிக்கப்பட்டிருக்கும். வெள்ளைக் காகித நாடா. அதில் மைப் பேனாவால் மாரிமுத்து என்று ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பார்கள். ஜெர்மனியில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று வேண்டும். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் என் பெயரான கலைச்செல்விக்குப் பின்னால் அப்பா பெயர் இருந்தது. அதையே எடுத்துக் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். ஆகவே இந்த நாட்டில் நான் ஃபிராவ் மாரிமுத்து. சங்ககிரியில் என் அப்பாவை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. "ஏப்பா பேண்டு, இங்க வா" என்பதுதான் வழக்கம். அவர் பெயருக்கு முன்னால் மரியாதையாக ஒரு சொல் சேர்வதைக் கேட்க நான் கடல் தாண்டி வர வேண்டியிருந்தது. அந்த மரியாதையும் ஆறு நாளில் உரிந்துவிடும்.

நான் செய்யும் வேலைக்கு இங்கே ஆவுஸ்ஹில்ஃபே என்று பெயர். உதவிக்கு வந்தவர் என்று பொருள் கொள்ளலாம். பெரிய இசைக்குழுக்களில் மூன்று டிரம்பெட், நான்கு ஹார்ன், மூன்று டிராம்போன் என்று பித்தளைக் கருவிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. அதில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால், அல்லது அந்த வாரத்துப் பாட்டுக்குக் கூடுதலாக ஓர் ஆள் தேவை என்றால், எனக்குத் தொலைபேசி வரும். ரயிலேறிப் போய் ஒரு வாரம் உட்கார்ந்து வாசித்துவிட்டு வருவேன். நிரந்தரக்காரர்களின் அலமாரியில் பெயர் பித்தளைத் தகட்டில் பொறித்திருக்கும். சிற்றுண்டி அறையில் அவரவர் கோப்பை அவரவர் கொக்கியில் தொங்கும். விருந்தாளிக் கோப்பை தனி; கைப்பிடி உடைந்ததோ, ஏதோ வங்கி இலவசமாகக் கொடுத்ததோ. நம் ஊரில் விருந்தாளி என்றால் முதல் இலை அவருக்குத்தானே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் குடும்பம் எந்த விசேஷத்துக்கும் விருந்தாளியாகப் போனதில்லை. வாசிக்கப் போயிருக்கிறது. வாசிக்கப் போகிறவர்களுக்கு மண்டபத்தின் பின்பக்கம், ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில், கடைசிப் பந்தி. கைப்பிடி உடைந்த கோப்பை என்னை ஆச்சரியப்படுத்தவில்லை. ஐரோப்பாவிலும் அது இருக்கிறது என்பதுதான் ஆச்சரியம்.

என் அப்பா பேண்டு செட்டில் முதல் டிரம்பெட். எந்தத் தெருக்காரர்கள் பேண்டு வாசிப்பார்கள் என்று எங்கள் பக்கத்தில் எவரும் கேட்பதில்லை, தெரியும். அம்மா விசைத்தறி ஓட்டினாள். இருவருக்கும் எழுதப் படிக்க வராது. சேலத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் இலவசமாகச் சேர்த்துக்கொண்டதால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பள்ளியில் சுதந்திர தின அணிவகுப்புக்கு ஒரு பேண்டு இருந்தது. பெண்பிள்ளைகளுக்குப் புல்லாங்குழலும் சின்ன டிரம்மும் கொடுத்தார்கள். நான் டிரம்பெட்தான் வேண்டும் என்று அழிச்சாட்டியம் செய்து வாங்கினேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து ஊதியபோது அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "உதடு தடிச்சுப்போச்சுன்னா எவன்டி உன்னக் கட்டுவான்?" அப்பா பீடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "கட்டறவன் உதட்டப் பாத்தா கட்டறான்? கழுத்தப் பாத்துத்தான கட்டுவான். அதுல ஒண்ணுமில்ல, உடு." ஆனால் அவருடைய செட்டில் மட்டும் என்னை நிற்க விட்டதில்லை. "பேண்டுல பொண்ணு நின்னா பாட்ட எவனும் கேக்கமாட்டான் சாமி. பொண்ணத்தான் பாப்பான். நீ படி" என்பார். படித்தேன். சென்னையில் கல்லூரியில் படித்துக்கொண்டே மேற்கத்திய இசைத் தேர்வுகள் எழுதினேன். அங்கிருந்து இங்கே ஓர் இசைப் பல்கலைக்கழகம். இதையெல்லாம் யாரும் கையில் கொடுக்கவில்லை என்று சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

அப்பாவின் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. அதை நான் விடுமுறை நாட்களில் ஊர்வலத்துக்குப் பக்கவாட்டில் நடந்து நடந்தே தெரிந்துகொண்டேன். டிரம்பெட் உதட்டால் வாசிப்பது. வெயிலில் மூன்று கிலோமீட்டர் நடந்துகொண்டே ஊதினால் எந்த உதடும் ஒரு கட்டத்தில் செத்துப்போகும். அப்போது பக்கத்தில் இருக்கும் இரண்டாம் டிரம்பெட் பாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கேட்கக் கூடாது, தயங்கக் கூடாது, பார்க்கிறவனுக்கு எங்கே கை மாறியது என்று தெரியக் கூடாது. இதைத் தாங்குவது என்பார்கள். ஒருமுறை சங்ககிரியில் கோயில் ஊர்வலம் லாரிப் பட்டறைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. உச்சி வெயில். அப்பாவின் உதடு வெடித்து ரத்தம் ஊதுவாயில் வழிந்தது. அவர் டிரம்பெட்டை இறக்குவதற்குள் பக்கத்திலிருந்த சின்னச்சாமி மாமா அடுத்த சுரத்தை எடுத்துவிட்டார். ஊர்வலத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு அடிகூடத் தப்பவில்லை. முடிந்ததும் அப்பா அவர் தோளில் கை போட்டு, "கெடுத்துப்போட்டியேடா, இன்னும் ரெண்டு மூச்சு இருந்துச்சு எனக்கு" என்றார். மாமா, "ரத்தத்தக் குடிச்சுட்டு வாசிக்கலாம்னு இருந்தியாக்கும்?" என்றார். தாங்காமல் விட்டால் அது பகை. பாட்டு கீழே விழட்டும், அவன் மானம் போகட்டும் என்று நினைப்பவன்தான் சும்மா நிற்பான். எனக்குத் தெரிந்த சங்கீத தர்மம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பிறகு படித்தது.

இங்கே வேறு வழக்கங்கள். ஒத்திகையில் ஒருவர் கடினமான பகுதியை நன்றாக வாசித்தால் மற்றவர்கள் காலைத் தரையில் தேய்ப்பார்கள். கை தட்ட முடியாது, கையில் கருவி இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு குழுவில் முதல் வாரம் எனக்கு அப்படிக் கால் தேய்த்தபோது, நான் ஏதோ தப்பாக வாசித்துவிட்டேன், சலித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்து முகம் சுண்டிப்போனேன். "மன்னிக்கவும்" என்றுகூடச் சொன்னேன். மேடையேறுவதற்கு முன்னால் தனியாகப் பயிற்சி செய்யும்போது முதல் டிரம்பெட்டின் பகுதியை இரண்டாம் டிரம்பெட் வாசித்துப் பார்க்கக் கூடாது. அது அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதைப் போல. எல்லாவற்றிலும் பெரிய வழக்கம் இது: யாராவது தப்பாக வாசித்தால் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. ஒரு ஹார்ன்காரருக்குச் சுரம் உடைந்தபோது நான் இயல்பாகத் தலையைத் திருப்பினேன். மூன்றாம் டிரம்பெட் வாசிக்கும் காத்ரின் என் முழங்காலில் தன் முழங்காலால் இடித்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எனக்கு எதையாவது சொல்லிக்கொடுத்தவள் அந்தக் குழுவில் அவள் ஒருத்திதான். இடைவேளையில், "நாம் பார்க்க மாட்டோம். அதுதான் மரியாதை" என்றாள். சரி என்று மனதில் எழுதிக்கொண்டேன். பார்க்கக் கூடாது. தாங்கக் கூடாது என்று அவளும் சொல்லவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

அந்தக் குழுவில் இரண்டாம் டிரம்பெட்காரர் குழந்தை பிறந்ததற்காக ஒரு வருடம் விடுப்பில் போவதாக இருந்தார். ஆண், குழந்தையைப் பார்த்துக்கொள்ள, ஒரு வருடம். அம்மாவிடம் போனில் சொன்னபோது, "அப்ப அவம் பொண்டாட்டிக்கு ரெண்டு கொழந்தையா?" என்றாள். அந்த ஒரு வருட இடத்துக்கு ஆள் எடுக்க டிரம்பெட் பிரிவே வாக்களிக்கும். என்னை மூன்று வாரம் விருந்தாளியாகக் கூப்பிட்டது அதற்கான சோதனை என்று அலுவலகத்தில் வெளிப்படையாகவே சொன்னார்கள். என் வசிப்பு அனுமதி அந்த இலையுதிர்காலத்தோடு முடிகிறது. வாரத்துக்கு ஒரு நகரம் என்று வாசிப்பதை வெளிநாட்டவர் அலுவலகம் வேலையாகவே மதிப்பதில்லை. ஒரு வருட ஒப்பந்தம் என்றால் மதிக்கும். அலுவலகத்தில் ஒருவர் விளையாட்டாக, "ஒரு வருடத்துக்கு என்றால் பித்தளைத் தகடு போட்டுவிடுவோம்" என்றார். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பித்தளையில் மாரிமுத்து. அதைப் படம் எடுத்து அனுப்பினால் அப்பாவால் படிக்க முடியாது. ஆனால் தொட்டுப் பார்க்கிற மாதிரி திரையைத் தடவுவார். எனக்கு அது வேண்டியிருந்தது.

முதல் டிரம்பெட் ஹெர் லிண்ட்னர். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தவர். மெலிந்த, சுத்தமான மனிதர்; ஊதுவாயைத் துடைக்கத் தனிக் கைக்குட்டை வைத்திருப்பார். என்னோடு அதிகம் பேச மாட்டார். ஒருமுறை மட்டும், "உங்கள் சுரம் எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரிகிறது. அது போதும்" என்றார். அதை நான் பெரிய பாராட்டாக வீட்டுக்குச் சொன்னேன். இரண்டாம் வாரத்திலேயே எனக்கு ஒன்று புரிந்திருந்தது. மெதுவான உயர்ந்த சுரங்களில் அவர் உதடு நடுங்கியது. ஒத்திகையில் இரண்டு முறை சுரம் வரவில்லை. யாரும் பார்க்கவில்லை. கோலசைத்துக் குழுவை நடத்தும் கண்டக்டர்கூடக் காகிதத்தைப் புரட்டினார். நானும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் காது திரும்பாமல் இருக்குமா? பக்கத்தில் ஒருவரின் உதடு சாவது பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே எனக்குத் தெரிந்த ஒலி.

மூன்றாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை காலைக் கச்சேரி. இரண்டாம் பகுதியில் டிரம்பெட்டுகளுக்கு நீண்ட மௌனம். எண்பதுக்கும் மேல் தாளக் கட்டுகளை மனதுக்குள் எண்ண வேண்டும். நான் தமிழில்தான் எண்ணுவேன். எண்ணி முடிந்ததும் முதல் டிரம்பெட் தனியாக, மிக மெல்லிய குரலில் ஒரு மெட்டை எடுக்க வேண்டும். லிண்ட்னர் கருவியை உயர்த்தினார். முதல் இரண்டு சுரம் வந்தது. மூன்றாவதில் வெறும் காற்று. அரங்கத்தில் ஆயிரம் பேர். அந்தக் காற்றின் ஒலி முடிவதற்குள் என் டிரம்பெட் உதட்டில் இருந்தது. நான் முடிவு செய்து வாசித்தேன் என்று சொன்னால் பொய். நான்காவது சுரத்திலிருந்து கடைசி வரை நான் வாசித்தேன். அவர் குரல் எப்படி இருக்குமோ அப்படி, அவர் மெலிதாக்கும் இடத்தில் மெலிதாக்கி. பாட்டு கீழே விழவில்லை. என் வாழ்க்கையில் அதைவிட நன்றாக நான் எதையும் வாசித்ததில்லை. கண்டக்டரின் புருவம் ஒரு முறை உயர்ந்தது, அவ்வளவுதான்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் லிண்ட்னர் என்னிடம் வந்து கை கொடுத்தார். கை சில்லென்று இருந்தது.

"நன்றி, ஃபிராவ் மாரிமுத்து. நன்றாகக் கேட்டிருக்கிறீர்கள்."

நான் பெருமையோடு, "எங்கள் ஊரில் இரண்டாம் டிரம்பெட்டின் வேலையே அதுதான்" என்றேன்.

"உங்கள் ஊரில்" என்று அவர் திருப்பிச் சொன்னார். தலையை ஆட்டினார். கைக்குட்டையை நான்காக மடித்தார்.

அது நன்றி என்றே நான் நம்பினேன். சின்னச்சாமி மாமாவின் தோளில் விழுந்த கை போல ஒன்று எனக்கும் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை காத்ரினைச் சிற்றுண்டி அறையில் பார்க்கப் போனபோது நானே சுட்ட கேக் கொண்டுபோனேன். புதிதாகச் சேர்கிறவர்கள் கேக் கொண்டுவருவது இங்கே வழக்கம். அவள் அதை வெட்டவில்லை. வாக்கெடுப்பு முடிந்துவிட்டது, இல்லை என்று முடிவு, என்றாள். இசையில் ஒரு குறையும் இல்லை, பிரிவோடு பொருந்தவில்லை என்று தாளில் எழுதியிருப்பதாகச் சொன்னாள்.

"நான் அவரைக் காப்பாற்றினேன்" என்றேன்.

"நீ அவரைக் காட்டிக்கொடுத்தாய்" என்றாள் காத்ரின். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் வலித்தது. "ஒரு சுரம் வராமல் போனால் அது விபத்து. யாருக்கும் நடக்கும். அடுத்த சுரத்தில் அவரே எழுந்திருப்பார், அல்லது எழாமல் இருப்பார். இரண்டு வருடமாக நாங்கள் எல்லோரும் பார்க்காமல் இருக்கிறோம். நீ வாசித்த பிறகு பார்க்காமல் இருக்க முடியாது. அவரால் முடியாது என்று அரங்கத்துக்கே அறிவித்துவிட்டாய். அதுவும் அவரைவிட நன்றாக வாசித்து."

"இதே காரியத்தை ஒரு தோமாஸ், உங்கள் ஊர்க்காரன் ஒருவன், செய்திருந்தால்?"

அவள் கேக்கை மூடி வைத்தாள். "ஒரு தோமாஸ் செய்திருக்க மாட்டான்."

இந்தப் பதிலை நான் பல மாதம் மனதுக்குள் புரட்டியிருக்கிறேன். அது உண்மை என்பதுதான் கசப்பு. அது முழு உண்மை இல்லை என்பதும் கசப்பு. செய்திருந்தால் என்ன என்பதுதான் என் கேள்வி. செய்ய மாட்டான் என்பது பதில் இல்லை. நான் லிண்ட்னரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போனேன். என் சுபாவத்துக்கு அது சுலபம் இல்லை. "மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை" என்று வாசலிலேயே நின்று மரியாதையாகச் சொன்னார். இந்த ஊரில் கதவைச் சாத்தும் ஓசை அது. நம் ஊராக இருந்தால் திட்டியிருப்பார்கள், திட்டிவிட்டு டீ வாங்கித் தந்திருப்பார்கள். அந்தக் கோடைக்குப் பிறகு அவர் ஓய்வுக் காலத்துக்கு முன்பாகவே விலகிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். அவருடைய மூன்று வருடத்தை நான் எடுத்துக்கொண்டேன். என் ஒரு வருடத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கலைஞர்களுக்கென்று தருகிற வேறோர் அனுமதியை அலைந்து திரிந்து வாங்கினேன். இன்னும் விருந்தாளியாகவே ஊர் ஊராகப் போகிறேன். ஆனால் கற்றுக்கொண்டேன். பக்கத்தில் எவருடைய சுரம் உடைந்தாலும் என் கண் எதிரே இருக்கும் தாளில், டிரம்பெட் மடியில். இந்த இரண்டு வருடத்தில் என் தோளில்கூட ஓர் அசைவு இல்லை. "உங்களோடு உட்கார்ந்தால் நிம்மதியாக இருக்கிறது" என்று ஒரு முதல் டிரம்பெட்காரர் சொன்னார்.

இந்தத் தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். எடப்பாடியில் ஒரு காதுகுத்து. போர்வெல் ரிக் வண்டிகள் வைத்திருக்கும் ஒரு பெரிய மனிதர் வீட்டு விசேஷம். தாய்மாமன் சீர் பித்தளைத் தட்டுகளில் மண்டபத்துக்குள் வர, அப்பாவின் செட் முன்னால் வாசித்து அழைத்து வர வேண்டும். செட் ஆட்களிடம் காட்ட வேண்டும் என்று அப்பா கேட்டிருந்ததால் என் டிரம்பெட்டைப் பெட்டியோடு எடுத்துப் போயிருந்தேன். மண்டப வாசலிலேயே ரிக் முதலாளி என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏனம்மணி, நம்ம மாரிமுத்து புள்ளதான நீயி? ஜெர்மனில வாசிக்கறியாமே! வா வா, இப்படி முன்னால வந்து உக்காரு."

"நான் இங்கயே நிக்கறனுங்க."

"அட, வெளிநாட்டுல இருந்து வந்த புள்ள நிக்கறதா? யாரப்பா அங்க, சேரத் தொடச்சுப் போடு."

முதல் வரிசையில், பட்டுத்துணி சுற்றிய நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த மண்டபத்தில் எங்கள் தெருவிலிருந்து எவரும் உட்கார்ந்த முதல் நாற்காலி அதுவாக இருக்கலாம். கூட வந்திருந்த அம்மாவைக் கூப்பிட்டேன். "எனக்கு அதுல உக்காந்தா இடுப்புப் புடிச்சுக்கும். நீ உக்காரு கலை, படிச்ச இடுப்பு உன்றது" என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டாள். நான் முதுகை நேராக வைத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.

சீர் வாசலுக்கு வந்தது. அப்பா சிவப்புக் கோட்டில், லாரி ரேடியேட்டர் பட்டறையில் ஈயம் வைத்து ஒட்டிய தன் பழைய டிரம்பெட்டோடு, எனக்குப் பின்னால் இடது பக்கத்தில், பத்தடி தூரத்தில் நின்றார். இரண்டாம் டிரம்பெட் செல்வம் அடுத்த விசேஷத்துக்கு வண்டி சொல்லப் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போயிருந்தான். சின்னச்சாமி மாமா திருப்பூர் போய் ஒரு வருடம் ஆகிறது. தட்டுகள் வாசற்படி ஏறும்போது மெட்டு மேலே போக வேண்டிய இடம். இரண்டு சுரம் வந்தது. பிறகு வெறும் காற்று. அந்த ஒலியை எந்த நாட்டிலும் நான் அடையாளம் கண்டுகொள்வேன். டிரம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. தட்டு தூக்கிய பெண்கள் படியில் நின்றுவிட்டார்கள். எல்லா முகமும் எனக்குப் பின்னால் பார்த்தது. யாரோ, "என்ன மாரிமுத்து, டயருக்குக் காத்துப் போயிருச்சா?" என்றார். மண்டபம் சிரித்தது. ரிக் முதலாளி, "செரி செரி, கொட்டு மட்டும் போதும் வா" என்று கையசைத்தார். "ஆகட்டுங்க" என்று பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. நான் எதிரே இருந்த மேடைப் பூ அலங்காரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேராக. தோளில் அசைவு இல்லாமல்.

மதியம் மண்டபத்தின் பின்பக்கம் போனேன். ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில் பேண்டுக்காரர்களுக்குக் கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. அப்பா கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு சோற்றை ஒரு பக்கமாக மென்றுகொண்டிருந்தார். முன்பல் ஆடினால் ஊதுவாய் உதட்டில் நிற்காது. பக்கத்தில் குந்தினேன்.

"பல்லு ஆடுதுன்னு போன்ல சொல்லவே இல்லயேப்பா."

"சொன்னா அங்கிருந்து வந்து புடிச்சுக்குவியாக்கும்?" சிரித்தார். பிறகு இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ தாங்குவீன்னு பாத்தேன். பெட்டி மடியிலதான இருந்துச்சு."

"பொண்ணு நின்னா பொண்ணத்தான் பாப்பாங்கன்னு நீங்கதான சொன்னீங்க" என்றேன்.

"சொன்னேன். அதுவும் செரிதான். தாங்காட்டிப் போச்சாது, உடு. ஒருக்காத் திரும்பிப் பாத்திருக்கலாம் சாமி. மண்டபமே பாத்துச்சு. நீ ஒருத்திதான் பாக்கல."

"அங்கெல்லாம் ஒருத்தருக்குத் தப்பு வந்தா மத்தவங்க பாக்கமாட்டாங்கப்பா. பாக்காம இருக்கறதுதான் மரியாதை."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "அப்படீங்களா" என்றார். "செரிங்க. பெரிய எடம். அங்கத்த மொற நமக்கென்ன தெரியும்ங்க."

எங்கள் பக்கம் குழந்தைகளைக் கொஞ்சும்போதும் இப்படி மரியாதை சேர்த்துப் பேசுவார்கள். இது கொஞ்சல் இல்லை. ரிக் முதலாளி கையசைத்தபோது "ஆகட்டுங்க" என்றாரே, அந்தக் குரல். இலையை மடித்துக்கொண்டு எழுந்து கை கழுவப் போனார்.

இங்கே திரும்பி வந்த பிறகு இதை எழுதுகிறேன். ஊரில் இருக்கிறவர்களே, என்னைப் போலப் பெட்டி தூக்கி வந்தவர்களே, உங்களிடம் ஒன்றை ஒளிக்க விரும்பவில்லை. அப்பாவிடம் நான் சொன்னது முழு உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு வருடப் பழக்கத்தால்தான் என் கழுத்து திரும்பவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நான் அப்போது பட்டுத்துணி சுற்றிய நாற்காலியில் இருந்தேன். எழுந்து, பெட்டியைத் திறந்து, ஊதியிருந்தால் அந்த நாற்காலியிலிருந்து நேராகப் பேண்டு வரிசைக்குப் போயிருப்பேன். அதை என் உடம்பு ஒரு நொடியில் கணக்குப் போட்டிருக்குமோ? லிண்ட்னருக்குத் தாங்கிய உதடு அப்பாவுக்குத் தாங்கவில்லை. இதற்கு எந்த நாட்டு வழக்கத்தையும் சாட்சிக்குக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் வேறொரு நகரம், வேறோர் இரும்பு அலமாரி, அதே காகித நாடாவில் அப்பா பெயர். ஞாயிறு காலைக் கச்சேரியில் நீண்ட மௌனம் வந்தது. ஒன்று, இரண்டு என்று தமிழில் எண்ண ஆரம்பித்தேன். எண்ணிக்கை முடியும் தறுவாயில், பக்கத்தில் முதல் டிரம்பெட்காரர் மூச்சை உள்ளே இழுக்கும் ஒலி கேட்டது. நல்ல உதடு அவருக்கு, இளைஞர், ஒன்றும் ஆகவில்லை, மெட்டு சுத்தமாக எழுந்தது. அப்போதுதான் கவனித்தேன். என் டிரம்பெட் மடியிலும் இல்லை, உதட்டிலும் இல்லை. நெஞ்சுக்கு நேராக, பாதி வழியில், இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தேன். மெட்டு முடியும்வரை அதை மேலேயும் கொண்டுபோகவில்லை, கீழேயும் இறக்கவில்லை.